மனக்கோயிலின் நித்திய பூசை

தெய்வச் சேக்கிழார் பெருமான் அவதரித்த திருத்தலம் குன்றத்தூர். பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாகச் செல்லும் சாலை அவ்வூரைச் சென்றடைகிறது. குன்றின்மேல் முருகப்பெருமான் எழுந்தருளியிருக்க, அடிவாரத்தில் சேக்கிழார் கட்டுவித்த திருநாகேச்சரம் விளங்குகிறது. அநபாய சோழன் எனப்படும் இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராய் இருந்து, உத்தமசோழப் பல்லவராயர் என்னும் பட்டமும் பெற்ற அப்பெருமகனார், கும்பகோணத்தை அடுத்த திருநாகேச்சரத்தின்பால் கொண்ட ஈடுபாட்டினால், தம் சொந்த ஊரிலும் அப்பெயராலேயே ஒரு கோயிலை எழுப்பினார். கல்லால் கோயில் எடுக்கும் செல்வமும் செல்வாக்கும் உடைய அவரே, ஒரு கல்லும் இன்றி எழுந்த மற்றொரு கோயிலின் வரலாற்றையும் பெரியபுராணத்தில் பாடியருளினார். அது திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரின் மனக்கோயில்.

பூசலார் வரலாற்றை அறியாத சிவனடியார் இலர். எனினும், நாள்தோறும் சிறிது நேரம் தியானத்தில் அமர வேண்டும் என்று விரும்பித் தொடங்கி, சில வாரங்களில் அதனைக் கைவிட்டு வருந்துவோர் அவ்வரலாற்றை மீண்டும் ஒருமுறை நிதானமாகப் படித்தல் நலம். பக்தியின் பெருமையைக் கூறும் அக்கதையினுள், பயிற்சியைக் கைவிடாமல் காக்கும் முறையும் அடங்கியிருக்கிறது.

இறைவனுக்கு ஓர் ஆலயம் எடுக்க வேண்டும் என்பது பூசலாரின் பெருவிருப்பம். பொருள் தேடி அலைந்தார், எங்கும் கிடைக்கவில்லை. வருந்தி, இனி என் செய்வேன் என்று நைந்து, பின்னரே மனத்தினால் கட்டத் துணிந்தார். அவரது தியானம் வசதியான வாழ்வின் ஓய்வு நேரத்தில் பிறந்ததன்று என்பது இங்கே கருதத்தக்கது. கையில் ஒன்றும் இல்லாத நிலையில்தான் அது தொடங்கியது.

மனத்தால் கட்டுவது எனில், கண்ணை மூடிய கணத்தில் கோபுரம் வரை எழுப்பிவிடலாமே என்று தோன்றும். பூசலார் அவ்வாறு செய்யவில்லை. சிறியதும் பெரியதுமாகப் பொருள்களை நினைவினாலேயே சேர்த்தார். தச்சர்களைத் தேடினார். நல்லதொரு நாள் பார்த்து, ஆகம முறைப்படி அடிநிலை இட்டார். இரவிலும் கண் துஞ்சாது பணியைத் தொடர்ந்தார். உபானம் முதலாக ஒவ்வொரு வரிசையாக அடுக்கி, சிகரத்தை முழக்கணக்கு வைத்து அளந்து முடித்து, தூபி நாட்டி, சுதை வேலை செய்து, கிணறும் மதிலும் குளமும் அமைத்தார். இதற்கு நெடுநாள் ஆயிற்று என்று சேக்கிழார் குறிப்பிடுகின்றார். மனக்கோயிலுக்கும் முழக்கணக்கு உண்டு. அதற்கும் நெடுநாள் வேண்டும். இன்றைக்கு இந்த வரிசை, நாளைக்கு அடுத்த வரிசை என்று வேலை வரையறுக்கப்பட்டிருந்தமையால், ஒவ்வொரு நாளும் எங்கே தொடங்குவது என்ற மயக்கம் அவருக்கு எழ இடமில்லை.

தியானத்தில் அமர்வோர் பலர் இடறுவது இவ்விடத்திலேதான். 'மனத்தை அடக்க வேண்டும்' என்ற அளவில்லாப் பணியை மேற்கொண்டு அமர்கின்றனர். அலுவலகமும், பிள்ளைகளின் கட்டணமும், அண்டை வீட்டாரின் சொல்லும் உள்ளே புகுந்துவிடவே, தமக்கு இது வாய்க்காது என்று எழுந்துவிடுகின்றனர். முதுகை நிமிர்த்தி அமர்ந்து, உள்ளே செல்லும் மூச்சையும் வெளியே வரும் மூச்சையும் அறிந்திருத்தல். விரும்பினால் அதனோடு ஐந்தெழுத்தைச் சேர்த்து நினைத்தல். மனம் ஓடியது தெரிந்தவுடன் மூச்சுக்குத் திரும்புதல். ஒரு நாளைக்கு இவ்வளவே வேலை. மனம் ஓடுவதைக் குற்றமாகக் கொள்ள வேண்டுவதில்லை. நூறு முறை ஓடினால் நூறு முறை திரும்பலாம்; அத்திரும்புதலே அன்றைய கல் வரிசை. மூச்சை நெறிப்படுத்துவதையும் மனத்தை ஒன்றில் நிறுத்துவதையும் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகளாக வகுத்துக் கூறியிருக்கிறார். அவ்வரிசையில் தியானம் ஏழாவது இடத்தில் வைக்கப்பட்டிருப்பதை நோக்கினால், முதல் வாரத்திலேயே அது கைகூடவில்லையே என்ற ஏக்கம் குறையும்.

நேரம் எங்கே இருக்கிறது என்பது தாம்பரம் பகுதி அன்பர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. 1931ஆம் ஆண்டு முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர் வண்டி ஓடுகிறது. இப்பகுதி மக்களின் காலை நேரத்தை அன்றுமுதல் அதுவே வகுத்து வருகிறது எனலாம். வண்டியில் நின்றபடியே மந்திரத்தை எண்ணுவோரும் உண்டு. அது நன்று; விடவேண்டுவதில்லை. ஆயினும் அது செபம். தியானத்திற்கு ஓர் இருக்கையும், அசையாத சில நிமிடங்களும் வேண்டும். வீட்டில் விளக்கேற்றும் பழக்கம் பெரும்பாலும் தவறுவதில்லை. விளக்கேற்றியவுடன் அவ்விடத்திலேயே கால் மணி நேரம் அமர்வது என்று வைத்துக்கொண்டால், புதிதாக நேரம் தேட வேண்டிய தொல்லை நீங்கும்.

கால் மணி நேரம் போதுமா என்ற ஐயத்திற்குத் திருக்கோயில்களே விடை தருகின்றன. பெருங்கோயில்களில் உஷத்காலம் தொடங்கி அர்த்தசாமம் வரை ஆறு கால பூசை நடைபெறும். வருவாய் குறைந்த சிற்றூர்க் கோயில்களில் அது இயலாது. அதற்காக அக்கோயில்களை அடைத்து வைப்பதில்லை. ஒரு கால பூசைத் திட்டத்தின் கீழ் வைப்பு நிதி ஏற்படுத்தி, அதன் வட்டியைக் கொண்டு நாளுக்கு ஒரு வேளையேனும் விளக்கேற்றி, நீராட்டி, நிவேதனம் செய்ய இந்து சமய அறநிலையத் துறை வழிவகுத்திருக்கிறது. ஒரு வேளை பூசை நடக்கும் கோயிலும் உயிருள்ள கோயிலே. ஆண்டுக்கொருமுறை பெருந்திருவிழா நடந்து, மற்ற நாட்களில் இருண்டு கிடக்கும் கோயிலை ஊரார் அவ்வாறு கருதுவதில்லை.

தாம்பரத்திற்குக் கிழக்கே மாடம்பாக்கத்தில் அருள்மிகு தேனுபுரீசுவரர் திருக்கோயில் உள்ளது. பசுவாய்ப் பிறந்த கபில முனிவர், மண்ணில் மறைந்திருந்த சிவலிங்கத்தின்மேல் நாள்தோறும் தாமே பால் சொரிந்து வழிபட்டார் என்பது தலவரலாறு. அங்கே இலிங்கம் இருப்பதை ஒருவரும் அறியார். மேய்ப்பவன் பால் வீணாகிறது என்று சினந்து அடித்தான். அடி விழும் நாள் வரை அப்பசு அவ்விடத்திற்கு வருவதை நிறுத்தவில்லை. காண்பார் இன்றி, பாராட்டுவார் இன்றி, வைதாலும் நிற்காது நடந்த நித்திய வழிபாடு அது.

பூசலாருக்கும் இதுவே பொருந்தும். அவர் கோயில் கட்டுகிறார் என்பது திருநின்றவூரில் எவருக்கும் தெரியாது. குடமுழுக்கிற்கு அவர் நாள் குறித்தார். அதே நாளைக் காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர் கோமானும் குறித்திருந்தான். அவன் கயிலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்ம பல்லவன் என்பர் ஆய்வாளர். இறைவன் அரசனது கனவில் தோன்றி, திருநின்றவூரில் அன்பன் ஒருவன் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்தில் நாளை யாம் புகுவோம், நீ உன் விழாவைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள் என்று பணித்தருளினான். இரண்டு விழாக்களில் ஒன்று தள்ளிப்போக வேண்டும். படையும் பண்டாரமும் உடைய மன்னனின் நாளே தள்ளிவைக்கப்பட்டது. ஏழை அந்தணர் தம் உள்ளத்திற்குள் தமக்குத் தாமே குறித்துக்கொண்ட நாள் மாறவில்லை. எவரும் அறியாத ஒரு சந்திப்பிற்கு இறைவன் கொடுத்த மதிப்பு அது. 'இன்று வேலை மிகுதி, தியானத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்' என்று நினைக்கும் போதெல்லாம், தள்ளிவைக்கப்பட்டது யாருடைய நாள் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

பயிற்சி இடையே அறுந்துபோனால் என்ன செய்வது? காய்ச்சல், பயணம், வீட்டில் ஒரு துக்கம் என்று நாலைந்து நாள் விட்டுப்போவது எவருக்கும் நேரும். அதன்பின் வரும் வெட்கமே பலரைத் திரும்ப அமரவிடாமல் தடுக்கிறது. ஆகமங்கள் இவ்வகையில் மிகுந்த கருணை உடையவை. நித்திய பூசை தடைப்படக்கூடும் என்பதை முன்னரே அறிந்து, அதற்குரிய பிராயச்சித்தங்களை அவை விதித்திருக்கின்றன. பூசை நின்றது என்பதற்காகக் கோயிலை இடித்துவிடச் சொல்லவில்லை. பரிகாரம் செய்து மறுபடி தொடங்கச் சொல்கின்றன. விட்ட நாட்களை எண்ணி, ஒரே நாளில் மூன்று மணி நேரம் அமர்ந்து ஈடுகட்ட முயல்வது வேண்டா. அன்றைக்குரிய கால் மணி நேரம் போதும்.

தாம்பரத்தை அடுத்த கூடுவாஞ்சேரியில் 1911ஆம் ஆண்டு நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, தறியில் உழைத்துக்கொண்டே தவம் பயின்றவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவி, குடும்பத்தில் இருந்தபடியே நாள்தோறும் செய்யத்தக்க எளியமுறைப் பயிற்சியைப் பரப்பி, 2006இல் இறைநிலை எய்தினார். இல்லறத்தாருக்குத் தியானம் ஏலாது என்பாருக்கு அவர் வாழ்வே மறுமொழி. குன்றத்தூரை அடுத்த திருமுடிவாக்கத்தில் கோயங்கா அவர்களின் வழிவந்த விபாசனா மையம் ஒன்றும் உள்ளது. அங்கே பத்து நாள் மௌனத்தில் பயின்று திரும்புவோருக்குக் காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் வீட்டில் அமருமாறு கூறப்படுகிறது. பத்து நாளை முடிப்பவர் பலர். பதினோராம் நாள் முதல் வீட்டில் அமர்வதே கடினம் என்பர்.

குடமுழுக்கு முடிந்த கோயிலிலும் இதே நிலைதான். யாகசாலையும் மக்கள் வெள்ளமும் ஒரு நாளில் கலைந்துவிடும். அதனால்தான் அதனைத் தொடர்ந்து 48 நாள் மண்டல பூசை நடத்துகின்றனர். தியானத்தைப் புதிதாகத் தொடங்குவோரும் முதலில் ஒரு மண்டலத்தையே எல்லையாகக் கொள்ளலாம். வாழ்நாள் முழுதும் செய்வேன் என்னும் பெரிய சபதத்தைக் காட்டிலும் 48 நாள் என்பது கைக்கு அடங்கும் அளவு.

சேக்கிழாரும் அவ்வாறே ஓர் எல்லைக்குள் பாடினார். சித்திரைத் திருவாதிரையில் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் தொடங்கி, மறு ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் பெரியபுராணத்தை நிறைவு செய்தார் என்பது மரபு. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுட்கள். கணக்கிட்டால் நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆகின்றன.

அரசன் திருநின்றவூருக்கு வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று வினவி, ஊரார் திகைத்து நிற்க, நாயனாரைத் தேடிக் கண்டு, உண்மை அறிந்து வணங்கிச் சென்றதோடு கதையை முடித்துவிடுவோர் உளர். சேக்கிழார் அங்கே முடிக்கவில்லை. மன்னன் சென்றபின், குறித்த நல்வேளையில் நாயனார் தம் மனக்கோயிலில் சிவபெருமானைத் தாபித்து, அதன்பின் பூசனைகள் யாவற்றையும் பல நாள் செய்து வந்து, முடிவில் இறைவன் திருவடி நிழல் சேர்ந்தார் என்கிறார். அந்தப் பல நாட்களில் அரசன் வரவில்லை, கனவும் வரவில்லை, பூசை மட்டும் நடந்தது.

பூசலார் நாயனாரின் குருபூசை ஐப்பசி அனுட நாளில் நிகழ்கிறது. திருநின்றவூர் அருள்மிகு இருதயாலீசுவரர் திருக்கோயிலில் நாயனாரின் திருவுருவத்தையும் தரிசிக்கலாம். தாம்பரம் பகுதி அன்பர்கள் மின்தொடர் வண்டியில் சென்னை சென்று, அங்கிருந்து திருவள்ளூர் செல்லும் வண்டியில் ஏறித் திருநின்றவூர் நிலையத்தில் இறங்கலாம்.