காசு கூறும் வரலாறு

ஒரு நாட்டின் பழமையை உள்ளவாறு அறிதற்குத் துணைபுரிவன இலக்கியம், கல்வெட்டு, செப்பேடு, நாணயம் முதலியன. இவற்றுள் நாணயம் உருவிற் சிறியது. கல்வெட்டைப் போல ஓரிடத்தில் நிலைத்திராமல் கைமாறிக்கொண்டே இருப்பது. ஆகலின், அது கிடைத்த இடத்தை மறந்துவிட்டால், அது கூறவல்ல செய்தியிற் பெரும்பகுதி மறைந்துபோம்.

நெல்லிக்குப்பத்திற்கு அணித்தே ஓடும் பெண்ணையாற்றின் கரைவழியே மேற்கு நோக்கிச் சென்றால் திருக்கோவலூரை அடையலாம். சங்ககாலத்தில் அவ்வூரைத் தலைநகராகக் கொண்டு மலையமான் மரபினர் ஆண்டனர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய காரி அம்மரபில் வந்தவன். அவ்வூரை ஒட்டிய ஆற்று மணலிற் சிறு செப்புக் காசுகள் கிடைத்துள்ளன. ஒருபுறம் குதிரை, மறுபுறம் மலையும் ஆறும் போன்ற குறிகள்.

எழுத்தில்லாத காசை இன்னாருடையது என்று எங்ஙனம் துணிவது? கிடைத்த இடமோ மலையமானின் தலைநகர். காரி ஊர்ந்த குதிரையும் காரி என்றே பெயர் பெற்றுப் புலவராற் பாடப்பட்டது. மலையும் ஆறும் அந்நாட்டின் இயற்கை. இம்மூன்றும் ஒன்றையொன்று வலியுறுத்துகின்றன. நாணய ஆராய்ச்சியாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி இக்காசுகளை ஆராய்ந்து, மலையமான்களுக்கு உரியன என விளக்கினார்.

எழுத்துடைய காசாயின் ஐயம் எளிதில் நீங்கும். 1984ஆம் ஆண்டில் அவர் மதுரையிற் கண்டெடுத்த செப்புக் காசொன்றில், தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. வழுதி என்பது பாண்டியர்க்குரிய பெயர். சங்ககால மன்னர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனர் என்பதற்கு அது சான்றாயிற்று.

பிறநாட்டாரும் இம்முறையையே கையாளுவர். இன்றைய பிரான்சு நாட்டிற்குப் பண்டைய பெயர் கால் என்பது. அங்கு வாழ்ந்த கெல்ட்டியர், மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப்பின் பொற்காசைப் பார்த்துத் தாமும் காசு அடித்தனர். மூலக் காசில் ஒரு தலையுருவும், இருகுதிரை பூட்டிய தேரும் இருந்தன. படியைப் பார்த்துப் படியெடுக்க எடுக்க, உருவம் சிதைந்து கோடும் புள்ளியுமாயிற்று. அவற்றுட் பலவற்றில் எழுத்தில்லை. எந்தக் காசு எந்த நிலப்பகுதியில் மிகுதியாகக் கிடைக்கிறது என்று குறித்துவைத்தே, இஃது இன்ன குடியினரது என அறிஞர் தெளிந்தனர். பாரிசு நகருக்குப் பெயர் தந்த பாரிசியர் என்னும் குடியினரின் பொற்காசுகளிலும் ஒருபுறம் தலையுருவும் மறுபுறம் குதிரையும் காணப்படும்.

மாணவர்களே! ஆற்றங்கரையிலோ உழுத நிலத்திலோ பழங்காசு கண்ணிற்பட்டால், பித்தளைக் குடத்தைத் துலக்குவது போலப் புளியிட்டுத் தேய்த்தல் தகாது. களிம்போடு எழுத்தும் உருவும் தேய்ந்துவிடும். எடைக்கு விற்றலும் உருக்குதலும் அதனினும் கேடு. கண்ட இடத்தையும் நாளையும், உடன்கிடந்த ஓடு முதலியவற்றையும் எழுதிவைத்து, ஆசிரியரிடம் காட்டுங்கள். மண்ணுள் மறைந்திருந்து வெளிப்படும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டம்.

பொற்காசாயின் அதன் விலையை எவரும் அறிவர். தேய்ந்த செப்புக் காசின் அருமையை அறிபவர் சிலரே. ஆயினும் ஓர் அரச மரபின் வரலாறு அச்செப்புக் காசொன்றிலேயே தங்கியிருத்தலும் கூடும். அதனைக் காத்தல் நம் முன்னோரின் பெயரைக் காத்தலாகும்.