பிள்ளையின் கண் காட்டும் சுமை



முன்னாளில் அரிப்புக் கடலில் முத்துக் குளித்தவர்கள், கல்லின் துணையோடு ஆழத்துக்கு இறங்குவார்கள். தோணியில் இருப்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும், "இன்னும் கொஞ்சம் பொறு" என்று சொல்லமாட்டார். உடனே மேலே இழுப்பார். இன்று முசலி வீடுகளில் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் புத்தகத்தில் மூழ்கியிருக்கும் பிள்ளைகளுக்குக் கயிறு எது?

கண்தான் என்கிறது விஞ்ஞானம். வாசிக்கும்போது கண் வழுக்கிச் செல்வதில்லை. தத்தித் தத்திச் சென்று, நிற்கும் இடங்களிலேயே எழுத்தைப் பற்றுகிறது. விளங்காத இடத்தில் அதிக நேரம் நிற்கும். வந்த வழியே திரும்பும்.

கண்ணின் நடுவிலுள்ள கரிய வட்டமாகிய கண்மணியும் பேசுகிறது. 1964-ல் அமெரிக்காவில் ஹெஸ், போல்ட் என்னும் இருவர், பெருக்கற் கணக்கு கடினமாக ஆக, கண்மணி மேலும் விரிவதைக் கண்டனர். விடை சொன்னபின் அது சுருங்கியது. 1966-ல் கானமன், பீற்றி என்போர் இலக்கங்களை மனத்தில் வைத்திருக்கச் செய்தபோதும் அவ்வாறே நடந்தது. இன்று கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரை வீசி, கமரா மூலம் இவ்வசைவுகளை நுட்பமாக அளக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். சுமை தாங்கும் அளவை மீறினால், கண்மணி மேலும் விரியாது. சிலவேளை சுருங்கவும் தொடங்கும். மனம் கைவிட்டுவிடுகிறது. அதைத்தான் நாம் "சோம்பல்", "மந்தம்" என்று திட்டுகிறோம்!

ஆனால் வெளிச்சம் குறைந்தாலும், பயந்தாலும் கண்மணி விரியும். ஆகவே கருவியின்றி வீட்டில் அதை அளக்க முயல வேண்டாம். பிள்ளை ஒரே வரிக்குத் திரும்பத் திரும்ப வருகிறதா, படத்துக்கும் விளக்கத்துக்கும் இடையே அலைகிறதா என்று பார்த்தால் போதும்.

1988-ல் அறிவுச் சுமைக் கோட்பாட்டை வெளியிட்ட அவுஸ்திரேலிய அறிஞர் ஜோன் சுவெலரும் அவர் வழிவந்தவர்களும் காட்டும் பரிகாரம் எளியது. பத்துக் கணக்கைக் கொடுக்குமுன் ஒன்றைச் செய்து காட்டுங்கள். படத்தின் உறுப்புப் பெயர்களைப் படத்துக்குள்ளேயே எழுதுங்கள். புதியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுங்கள்.

இன்றிரவு பிள்ளை தடுமாறினால், பிரம்பைத் தேடாதீர்கள். அருகில் அமர்ந்து, அதன் கண் எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள். கயிறு அங்கேதான் அசைகிறது.