பழைய வால்வுகளைச் சோதிக்கும் முறை

1904-இல் ஃபிளெமிங் இருமுனை வால்வைப் படைத்தார். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் அதில் கிரிட் என்னும் மூன்றாம் முனையைச் சேர்த்தார். 1947-இல் டிரான்சிஸ்டர் பிறந்த பின்னரும் பல ஆண்டுகள் வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளை இயக்கியவை வால்வுகளே. இன்று ஒரு பழைய வால்வு கிடைத்தால் அதை வைத்துக்கொள்வதா, எறிவதா? விடை கூறுவது சோதிப்பான். ஆனால் அது எதை அளந்து விடை கூறுகிறது என்பதை நாம் அறிதல் வேண்டும்.

சோதிப்பான்கள் பெரும்பாலும் இரு வகைப்படும். எளிய வகை, கிரிட்டுகளை ஆனோடுடன் இணைத்து, கேதோடு உமிழும் எலெக்ட்ரான் ஓட்டத்தை மட்டுமே அளக்கும். முள் பச்சைப் பகுதியில் நின்றால் ‘நல்லது’ என்பர். ஆனால் கிரிட் தன் பணியைச் செய்கிறதா என்பதை இச்சோதனை காட்டுவதில்லை.

இரண்டாம் வகை, கிரிட் மின்னழுத்தம் 1 வோல்ட் மாறினால் ஆனோடு மின்னோட்டம் எத்தனை மில்லி ஆம்பியர் மாறுகிறது என்று அளக்கும். இதுவே பரிமாற்றுக் கடத்துதிறன். இங்கிலாந்தின் ஏவோ வால்வு மீட்டர், அமெரிக்காவின் ஹிக்காக் 539 ஆகியவை இவ்வகை. ஆனோடில் 250 வோல்ட் தரும்போது ஈ.எல்.84 வால்வுக்கு இவ்வளவு 11.3; ஈ.சி.சி.83-க்கு 1.6 மட்டுமே. ஆகவே தயாரிப்பாளர் அட்டவணையோடு ஒப்பிடாத அளவீட்டுக்குப் பொருளில்லை.

நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் கண்ணாடியின் உட்புற வெள்ளிப் பூச்சைப் பார்க்கிறேன். அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, மேலும் சோதிக்க வேண்டியதில்லை. அடுத்து முனைகளுக்கிடையே குறுக்குச் சுற்று உண்டா என்று, விரலால் மெல்லத் தட்டியபடியே பார்க்கிறேன். பிறகு சூடேற்றி மின்னழுத்தத்தை அமைக்கிறேன். பெயரின் முதல் எழுத்து ‘ஈ’ எனில் 6.3 வோல்ட். ‘பி’ எனில் 300 மில்லி ஆம்பியர் தொடர். வோல்ட் வால்வுக்கு வால்வு மாறும். பி.சி.எல்.82-க்கு 16 வோல்ட். சில நிமிடங்கள் சூடான பின்பே அளவெடுக்கிறேன்.

இறுதியில் கிரிட் மின்னோட்டம். பலர் விட்டுவிடுவது இதைத்தான். வால்வினுள் சிறிது வாயு எஞ்சியிருந்து, கிரிட்டில் 1 மைக்ரோ ஆம்பியர் ஓடுவதாகக் கொள்வோம். கிரிட் மின்தடை 1 மெகா ஓம் எனில், ஓம் விதிப்படி கிரிட் மின்னழுத்தம் 1 வோல்ட் நேர்த்திசையில் நகரும். ஈ.எல்.84-இல் அது ஆனோடு மின்னோட்டத்தை ஏறத்தாழ 11 மில்லி ஆம்பியர் உயர்த்த முயலும். கேதோடு மின்தடை இருந்தால் உயர்வு குறையும். வால்வு மேலும் சூடாகும். சூட்டால் வாயு மேலும் வெளிப்படும். பச்சைப் பகுதியில் நின்ற அதே வால்வு, வெளியீட்டு மின்மாற்றியையும் எரித்துவிடக்கூடும்!

சோதிப்பானும் முதுமை எய்திய கருவியே. அதன் மின்தடைகளும் காலப்போக்கில் மாறியிருக்கும். முதலில் அதன் மின்னழுத்தங்களை மல்டிமீட்டரால் சரிபார்த்தல் நன்று. உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் உண்டு. ஆசிரியர் துணையின்றித் திறக்கலாகாது.

கருவி காட்டுவது ஓர் எண்ணை மட்டுமே. அவ்வெண் எந்தக் கேள்விக்கு விடை என்று அறிந்தவனுக்கே அது பயன்படும். இது வால்வுக்கு மட்டுமன்று, ஆய்வகத்தின் ஒவ்வொரு கருவிக்கும் பொருந்தும்.