பெயர் சொல்லாத பைலட்

கேள்வி: "நான் பைலட்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஓசூர் விமான நிலையம் வரவே வராது என்று அடித்துப் பேசுகிறார் ஒருவர். பெயர் கேட்டால் சண்டைக்கு வருகிறார். நம்பலாமா?
- ஓசூர் வாசகர்

பதில்: பெயரை விடுங்கள், ஆதாரத்தைக் கேளுங்கள். 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளுக்கான நிலையம் என்பது 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தது. 150 கிலோமீட்டருக்குள் புதிய சர்வதேச விமான நிலையத்துக்கு 2033 வரை தடை என்பது பெங்களூரு நிலைய ஒப்பந்தத்தில் உள்ள ஷரத்து. யார் சொன்னாலும் இரண்டையும் சரிபார்த்துவிடலாம்.

பெயரை மறைப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் தவறுகளை நாசாவுக்கு எழுதுகிறார்கள். படிவத்தில் பெயர் உள்ள துண்டை மட்டும் கிழித்து அவர்களுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலை போகுமென்ற பயமில்லாததால் உண்மை வெளிவருகிறது.

ஆனால் இன்னொருவர் மீது பழி சொல்பவர் முகத்தைக் காட்டியே ஆக வேண்டும். விமானப் பாதுகாப்பு நிபுணர் கேப்டன் மோகன் ரங்கநாதன் 2011-லேயே, மழையிலும் பின்காற்றிலும் கோழிக்கோடு விமான நிலையத்தின் 10-ஆம் ஓடுபாதையில் இறங்குவது ஆபத்து என்று தன் பெயரிலேயே எழுதி எச்சரித்தார். 2020 ஆகஸ்ட் 7 அன்று அதே ஓடுபாதையில், அதே போன்ற மழையில் இறங்கிய விமானம் விபத்துக்குள்ளாகி 21 பேர் இறந்தார்கள்.