பிறமொழி கற்பித்தலிற் கட்புல செவிப்புலச் சாதனங்கள்

கொழும்பு நகரிலே வளரும் தமிழ் மாணாக்கன் நாள்தோறும் மூன்று மொழிகளின் நடுவே நடமாடுகின்றான். வெள்ளவத்தைச் சந்தையிலே மீன் விலை கேட்கும்போதும், கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்குப் பஸ் ஏறும்போதும் சிங்களம் அவன் செவியில் விழுகின்றது. காலி வீதியிற் பல பெயர்ப்பலகைகள் மும்மொழியிலும் அவன் கண்முன் நிற்கின்றன. இருந்தும், ஆண்டுக்கணக்காகச் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் பாடமாகக் கற்று வெளியேறும் அம்மாணாக்கன், வைத்தியசாலையிலோ பொலிஸ் நிலையத்திலோ நான்கு வசனங்களைத் தடையின்றிப் பேச இடர்ப்படுவதை நாம் காண்கின்றோம். மொழி சூழ்ந்து நிற்கும் இடத்திலேயே மொழி கைகூடாமற் போவதேன் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் பொருள்.

சிங்களம் நமக்கு அந்நிய மொழியன்று. நமது நாட்டின் மொழி. ஆயினும், வீட்டிற் பேசாத ஒரு மொழியைக் கற்பிக்கும் முறை, அது அயலவர் மொழியாயினும் அயல்நாட்டார் மொழியாயினும், பெரும்பாலும் ஒன்றேயாம். இதனைக் கற்றுக்கொள்ளாதவன் அடையும் இழப்புச் சிறிதன்று. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தின்பின், தமிழ் உத்தியோகத்தர் தம் பதவியையும் உயர்வையும் முன்னிட்டுச் சிங்களப் பரீட்சைக்கு அமரவேண்டியவராயினர். நிர்ப்பந்தத்தின் பேரிற் புத்தகத்தை மனனஞ் செய்து பரீட்சையிலே தேறுவது ஒன்று. பக்கத்து மேசையிலிருப்பவரோடு உரையாடுவது வேறொன்று. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாகவும் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் ஏற்றது. 2007 முதல் அரசசேவையிற் புதிதாகச் சேர்வோர் மற்றைய அரசகரும மொழியிலுந் தேர்ச்சி பெறவேண்டுமென விதிக்கப்பட்டது. ஆகவே இன்று இக்கேள்வி தமிழ் மாணாக்கனை மாத்திரமன்றி, தமிழ் கற்கும் சிங்கள மாணாக்கனையுஞ் சார்ந்ததாகும்.

கட்புல செவிப்புலச் சாதனங்கள் என்றவுடன் விலையுயர்ந்த இயந்திரங்களே நினைவிற்கு வருகின்றன. உண்மையில் இவற்றின் வரலாறு மின்சாரத்திற்கு மிக முந்தியது. கொமேனியசு என்னும் பேராசான் 1658 ஆம் ஆண்டில் நூரம்பேர்க் நகரில் வெளியிட்ட படநூல், நூற்றைம்பது படங்களைக் கொண்டு இலத்தீனையும் ஜேர்மன் மொழியையும் ஒருங்கே கற்பித்தது. கிராமபோன் வந்தபின், 1901 இல் இலண்டனிலே தொடங்கிய லிங்குவாபோன் நிறுவனம் இசைத்தட்டினால் மொழி கற்பிக்க முற்பட்டது. 1943 இல் பிபிசி வானொலி வழியே ஆங்கிலம் கற்பிக்கத் தலைப்பட்டது. பின்னர் ஒலிப்பதிவு நாடாவும், ஒவ்வொரு மாணாக்கனுந் தனித்தனிக் கூண்டிலமர்ந்து கேட்டுச் சொல்லும் மொழிக்கூடமும் வந்தன. அமெரிக்காவிலே இக்கூடங்களுக்குப் பெரும்பொருள் செலவாயிற்று. ஆனால் பென்சில்வேனியா மாநிலத்தில் 1960களின் பிற்பகுதியிலே நடாத்தப்பட்ட ஆய்வில், கூடம் இருந்த வகுப்புக்களையும் இல்லாத வகுப்புக்களையும் ஒப்பிட்டபோது, எதிர்பார்த்த வேறுபாடு காணப்படவில்லை. இயந்திரத்தைக் கண்டு மயங்குவோர் இதனை மனத்திலிருத்துவது நன்று.

நமது நாட்டிலும் சாதனங்களுக்குக் குறைவிருந்ததில்லை. 1925 டிசம்பரிற் கொழும்பிலே தொடங்கிய வானொலி, 1949 இல் இலங்கை வானொலியாகி, 1967 இற் கூட்டுத்தாபனமாயிற்று. பாடசாலைகளுக்கென அது தனி ஒலிபரப்புக்களை நடாத்தியது. 1982 இல் ரூபவாஹினி வந்தது. வானொலிப் பாடத்தின் குறை யாதெனின், அது வகுப்பிற்காக நிற்பதில்லை. விளங்காத சொல்லை மீண்டுஞ் சொல்லும்படி அதனைக் கேட்க முடியாது. கால அட்டவணையும் ஒலிபரப்பு நேரமும் பொருந்துவதும் அரிது. இவ்விரு குறைகளையும் நீக்கிய கருவி இன்று ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலுங் கைத்தொலைபேசி வடிவிற் கிடக்கின்றது. சினிமாவையும் இங்கே மறத்தலாகாது. வகுப்பறையிற் கற்றதைவிடத் திரைப்படத்திற் கற்ற சிங்களம் அதிகம் என்று சொல்வோர் கொழும்பிலே பலருளர். முதற் சிங்களப் பேசும்படமாகிய கடவுணு பொறொந்துவ, எஸ். எம். நாயகம் என்பவராற் மதுரையிலே தயாரிக்கப்பட்டு 1947 இல் வெளிவந்தது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

இனி, செவிப்புலச் சாதனம் எங்கே இன்றியமையாதது என்பதைப் பார்ப்போம். தமிழ் மாணாக்கன் சிங்களச் சொல்லைக் கேட்டவுடன் தமிழெழுத்திலே குறித்துக்கொள்கின்றான். பிழை அங்கேதான் வேரூன்றுகின்றது. சிங்களத்தில் மலையையுங் 'கந்த' என்பர். மரத்தின் அடியையுங் 'கந்த' என்பர். தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றே. சிங்களச் செவிக்கோ இவை வெவ்வேறு சொற்கள்: மலையைக் குறிக்கும் சொல்லில் மெல்லொலி முழுமையாக நின்றொலிக்கும், மரத்தின் அடியைக் குறிக்கும் சொல்லில் அது தொட்டுந் தொடாமலும் மறைந்துவிடும். இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட இயலாது. மாறிமாறிக் கேட்பித்தே உணர்த்தல் வேண்டும். பம்பலப்பிட்டி என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள முதலிரு பகரங்களுந் தொண்டையதிர்வுடன் ஒலிப்பன. பின்வருவது அதிர்வின்றி ஒலிப்பது. கழுத்தில் விரலை வைத்துச் சொல்லச் செய்தால் எட்டு வயதுப் பிள்ளையும் வேறுபாட்டை அறிந்துகொள்ளும். வெள்ளவத்தை என்று நாம் சொல்லும் பெயரின் முதலுயிர் சிங்களத்தில் எகரமுமன்று, அகரமுமன்று, இடைப்பட்ட ஓரொலி, ஆங்கிலத்திற் பூனையைக் குறிக்குஞ் சொல்லின் நடுவே வருவது. மணற்கரைத் தோட்டம் என்று பொருள்படும் அப்பெயரைச் சிங்களவர் வாயாற் கேட்டுப் பழகுபவன், இரு மொழிக்கும் வேண்டிய ஓருயிரை ஒரே பாடத்திற் பெற்றுவிடுகின்றான்.

'இது என்ன விலை' என்பதற்குரிய சிங்களத் தொடரை 'மேக கீயத' என்று கொப்பியில் எழுதும் மாணாக்கன், முதற்சொல்லை வானத்து மேகம்போல வாசிக்கின்றான். ககரத்தை இரட்டித்து எழுதுபவனோ வேண்டாத அழுத்தங் கொடுக்கின்றான். இரண்டும் பிழை. ஆதலாற் புதிய தொடரை முதல் மூன்று நான்கு முறை செவியாற் கேட்டு வாயாற் சொல்லும்வரை பேனையைத் தொடவிடலாகாது என்பது நமது துணிபு. எழுதாவிட்டாற் பாடம் நடக்கவில்லை என்று பெற்றோர் எண்ணக்கூடும், எண்ணட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. சிங்களத்திலே நூல்வழக்கும் பேச்சுவழக்கும் தமிழிற்போலவே பிரிந்து நிற்கின்றன. நூலிலே 'நான் போகின்றேன்' என்பது 'மம யமி' எனவும், 'அவன் போகின்றான்' என்பது வேறு விகுதியோடும் வரும். பேச்சிலோ 'மம யனவா', 'எயா யனவா' என வினை மாறுவதேயில்லை. விகுதிகளை மனனஞ் செய்து களைத்த மாணாக்கன் தெருவிலே எளிய வடிவத்தைக் கேட்டு, தான் கற்றது வேறு மொழியோ என மயங்குகின்றான். தமிழ் கற்கும் சிங்களப் பிள்ளையின் நிலை இன்னுங் கடினமானது: நூலிலே 'எங்கே போகின்றீர்கள்' என்று படித்தவன், கொட்டாஞ்சேனையில் 'எங்க போறீங்க' என்றும் வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்தவர் வாயில் 'எங்கை போறியள்' என்றுங் கேட்கின்றான். பேச்சுவழக்கை வகுப்பறைக்குட் கொண்டுவரும் வழி ஒலிப்பதிவேயன்றி அச்சுநூலன்று.

பாடத்தை நடாத்தும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். சந்தையிலே ஒருவர் மாம்பழம் வாங்கும் உரையாடல், அரை நிமிடத்துக்கு மேற்படாதது, பதிவிலிருக்கின்றது. முதன்முறை கேட்பிக்குமுன் ஆசிரியர் ஒரேயொரு வினாவை விடுப்பார்: எத்தனை பேர் பேசுகின்றனர்? இரண்டாம் முறை: விலை குறைந்ததா, இல்லையா? மூன்றாம் முறைக்குப் பின்னரே சொற்கள் ஆராயப்படும். பின்னர் வாங்குபவரின் குரல் நீக்கப்பட்ட பதிவை ஒலிக்கச் செய்து, அவ்விடங்களில் மாணாக்கர் பேசுவர். ஈற்றில் அவர்களுடைய குரலே பதியப்பட்டு மூலப்பதிவுக்கருகே வைத்துக் கேட்கப்படும். தன் குரலைத் தானே கேட்கும் மாணாக்கன் முதலில் நகைப்பான். பின்னர் தானே திருத்துவான். இதற்கு நாற்பது நிமிடம் போதும். ஒரு மணித்தியாலப் படத்தைத் தொடர்ந்து காட்டிவிட்டு மணியடித்ததும் கலைந்துபோகும் வகுப்பு இதன் காற்பங்கும் பயன் தராது.

படத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. படம் சொல்லின் பொருளைத் தெளிவாக்கும். ஆனால் முழுவதையுந் தானே சொல்லிவிட்டாற் செவி உறங்கிவிடும். தமிழ் எழுத்துரை ஓடும் திரைப்படத்தை வகுப்பிற் காட்டுவோர் மாணாக்கர் வாசிப்பதையே கேட்பதென மயங்குகின்றனர். எழுத்துரையை மறைத்து இரண்டு நிமிடக் காட்சியைக் காட்டுவதும், ஒலியை நிறுத்திப் பாத்திரங்கள் பேசக்கூடியதை மாணாக்கரைக்கொண்டு சொல்விப்பதும் மேலான பயிற்சிகள். அன்றியும், சாதனம் எப்போதும் வகுப்பறைக்குள் இருக்கவேண்டுமென்பதில்லை. பஸ்ஸின் முகப்பிலே மும்மொழியில் எழுதிய ஊர்ப்பெயர்கள் செலவில்லாத படங்கள். புறக்கோட்டை என்பதும் 'பிட்டகொட்டுவ' என்பதும் ஒரே பொருளை இரு மொழியிற் சொல்லும் பெயர்கள் என்பதை ஒரு பிள்ளை தானே கண்டுகொண்டால், சிங்களத்திற் 'பிட்ட' என்பது வெளிப்புறத்தைக் குறிக்குமென்று பின்னர் ஆசிரியர் சொல்லத் தேவையில்லை.

பெறுமதிமிக்க திரைகளும் கணினிகளும் பூட்டிய அறைகளிற் தூசி படிந்து கிடப்பதும், திறந்தவிடத்தும் கரும்பலகைக்குப் பதிலாக மாத்திரம் பயன்படுவதும் நாம் அறியாததன்று. பழுதாகிவிடுமென்ற அச்சம் ஒரு காரணம். பரீட்சை பெரும்பாலும் எழுத்தையே சோதிப்பது மற்றொரு காரணம். தவணைக்கொருமுறை ஒவ்வொரு மாணாக்கனுக்கும் ஐந்து நிமிட வாய்மொழிச் சோதனை வைத்து அதற்குப் புள்ளியும் வழங்கினால், சாதனங்கள் தாமாகவே வெளியே வரும்.

பழைய மாணவராகிய நாம் இதிற் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நம்முட் பலர் நல்ல சிங்களம் பேசுவோர். பலருடைய அயலவரும் உடன் ஊழியரும் சிங்களவர். அஞ்சலகம், மருந்துக்கடை, புகையிரத நிலையம், பிறப்புப் பதிவு அலுவலகம் எனப் பத்து இடங்களைத் தெரிந்து, அரை நிமிட உரையாடல்களாக இரு மொழியிலும் பதிந்து கல்லூரிக்குக் கொடுத்தல் ஒரு விடுமுறைக்குள் முடியக்கூடிய வேலை. ஆணொருவரும் பெண்ணொருவரும் பேசுதல் நன்று. முதியவர் குரலும் சிறுவர் குரலும் கலந்திருத்தல் அதனினும் நன்று. பின்னாற் கேட்கும் பஸ் இரைச்சலை நீக்கவேண்டியதில்லை. மாணாக்கன் நாளை அம்மொழியைக் கேட்கப்போவது அவ்விரைச்சலின் நடுவிலேதான்.