சாக்ரடீஸின் இறுதிச் சொல்

சான்றோர் உயிர் நீங்கும் வேளையில் உரைத்த சொற்களைப் போற்றிக் காத்தல் பல நாட்டு மக்களிடத்தும் காணப்படும் வழக்கமாகும். அச்சொற்களில் அரிய தத்துவங்களையே அன்பர்கள் எதிர்பார்ப்பர். கிரேக்கப் பேரறிஞர் சாக்ரடீஸின் இறுதிச் சொல்லோ ஒரு சேவலைப் பற்றியது.

கி.மு. 399 ஆம் ஆண்டில், தம் 70 ஆம் அகவையில், அவர் ஏதென்ஸ் நகர நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். நகரத்தார் வழிபடும் தெய்வங்களை ஏற்காதவர், புதுத் தெய்வங்களைப் புகுத்துபவர், இளைஞரைக் கெடுப்பவர் என்பன அவர்மீது சாட்டப்பெற்ற குற்றங்கள். நஞ்சுண்டு மாளுமாறு தீர்ப்பாயிற்று.

தண்டனை உடனே நிறைவேறவில்லை. அதற்குக் காரணமாய் அமைந்ததும் ஒரு நேர்த்திக்கடனே. பண்டை நாளில் தீசியஸ் என்னும் தலைவனும் அவனுடன் சென்ற இளையோரும் உயிருடன் மீண்டால், ஆண்டுதோறும் டெலோஸ் தீவிலுள்ள அப்பல்லோ சந்நிதிக்குக் கப்பல் அனுப்புவதாக ஏதென்ஸ் மக்கள் நேர்ந்துகொண்டனர் என்பது அவர்தம் மரபு. அக்கப்பல் சென்று திரும்பும்வரை நகரம் தூய்மையுடன் இருத்தல் வேண்டும், எவரையும் கொல்லலாகாது. ஆகவே ஏறத்தாழ ஒரு திங்கள் சாக்ரடீஸ் சிறையில் காத்திருந்தார். இளமை முதல் நண்பராகிய கிரிட்டோ என்னும் செல்வர், தப்பிச் செல்லுமாறு அந்நாளில் மன்றாடினார். நாட்டின் சட்டத்தை மீறுதல் அறமாகாது என்று எடுத்துரைத்து, சாக்ரடீஸ் அவரைத் தெளிவித்தார்.

இறுதி நாளின் நிகழ்ச்சிகளை அவர்தம் மாணாக்கர் பிளேட்டோ 'பீடோ' என்னும் நூலில் விரித்துரைத்துள்ளார். தம் உடலைக் கழுவும் வேலையைப் பெண்டிர்க்கு வைத்தலாகாது என்று கருதி, சாக்ரடீஸ் தாமே நீராடினார். நஞ்சுக் கிண்ணம் வந்ததும், அதில் சிறிது தெய்வத்திற்கு வார்க்கலாமா என்று வினவினார். குடிக்க வேண்டிய அளவே அரைக்கப்பட்டுள்ளது என்றான் ஏவலன். அங்ஙனமாயின் வேண்டுதலேனும் செய்யலாமன்றோ எனக் கூறி, தெய்வங்களை வேண்டிப் பருகினார். கால்கள் கனத்ததும் படுத்து முகத்தை மூடிக்கொண்டார். குளிர்ச்சி அடிவயிறு வரை ஏறிய பின், மூடியிருந்த துணியை விலக்கி, அஸ்கிலிபியஸ் தெய்வத்திற்கு ஒரு சேவல் கடன்பட்டிருப்பதைக் கிரிட்டோவிடம் சொல்லி, அதனை மறவாது செலுத்துமாறு பணித்தார்.

அஸ்கிலிபியஸ் நோய் தீர்க்கும் தெய்வம். பிணியாளர் அக்கோயிலில் இரவு துயின்று கனவில் அருள் பெறுவர். நலம் பெற்றபின் எளியோரும் ஒரு சேவலைப் பலியிட்டுக் கடன் தீர்ப்பர். ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவில் அக்கோயில் கி.மு. 420 அளவில் அமைந்தது.

நோயின்றி நஞ்சால் மாண்டவர்க்கு மருத்துவத் தெய்வத்திடம் என்ன கடன்? வாழ்வே நோய், சாவே மருந்து என்று அவர் குறித்ததாகப் பலர் பொருள் கொண்டனர். உரையாடுவதிலேயே உவகை கொண்டு வாழ்நாளைக் கழித்த ஒருவர்க்கு இக்கசப்பு பொருந்துவதாக இல்லை. அன்று தாம் நோயுற்றிருந்ததாகப் பிளேட்டோவே எழுதியிருத்தலின், அவர் நலத்திற்கான கடன் என்றனர் சிலர்.

இங்கே இலக்கணம் துணை நிற்கின்றது. கிரேக்க மூலத்தில் கடன்பட்டவர் 'நான்' அல்லர், பன்மை. கேட்போரையும் உளப்படுத்தும் 'நாம்', அவரை விலக்கும் 'நாங்கள்' என்னும் வேறுபாடு தமிழுக்கு உண்டு, கிரேக்கத்திற்கு இல்லை. ஆயினும் கிரிட்டோவை விளித்துச் சொன்ன ஏவலும் பன்மையிலேயே நிற்பதால், சூழ்ந்திருந்த நண்பர் அனைவரையும் சேர்த்த 'நாம்' என்று கொள்வதே முறை. அப்படியாயின், எல்லாருக்கும் பொதுவாய் நீங்கிய நோய் யாது? தப்பியோடுதலே நலம் என்று பலரும் கருதிய பிழையான எண்ணமே அந்நோய் என்றார் பிரெஞ்சு அறிஞர் டுமெசில், 1984 இல் வெளிவந்த தம் நூலில். கிரிட்டோவின் பெயரைச் சொல்லி அழைத்தமைக்கும் இவ்வுரையே இயைகின்றது.

எவ்வுரையைக் கொள்ளினும், தெய்வங்களை ஏற்காதவர் என்று தண்டிக்கப்பட்டவரின் நாவில் கடைசியாக நின்றது ஒரு கோயிற் கடன். அச்சேவல் செலுத்தப்பெற்றதா என்பதைப் பிளேட்டோ எழுதவில்லை. அவ்வாறே செய்வதாகக் கிரிட்டோ உறுதி கூறி, வேறு ஏதேனும் உண்டா என்று கேட்டார். விடை வரவில்லை. கிரிட்டோவே அவர்தம் வாயையும் கண்களையும் மூடினார்.