படகைக் கூட்டினால் வரிசை குறையுமா?

கேள்வி: நாகபூசணி அம்மன் ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவு போகிறவர்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுநேரம் காத்து நிற்கிறார்கள். மேலும் படகுகள் விட்டால் தீராதா?

பதில்: தீராது. நாகபூசணி அம்மன் அடியார்களும் நாகதீப விகாரை யாத்திரிகர்களும் நெடுந்தீவுப் பயணிகளும் ஒரே இறங்குதுறையில்தான் கூடுகிறார்கள். நெருக்கடி கடலில் இல்லை, கரையில். ஒரு படகு ஆட்களை இறக்கி ஏற்றப் 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அணைவிடத்திலிருந்து மணிக்கு 6 படகுக்கு மேல் புறப்படாது. ஏழாவது படகு கடலில் காத்து நிற்கும். துறையைப் பெருப்பிக்கக் காசும் காலமும் வேண்டுமே என்பார்கள். உண்மை, ஆனால் அதுவரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. உயிர்காப்பு அங்கியை வரிசையிலேயே அணிவித்து, ஏறுவோரையும் இறங்குவோரையும் வழி பிரித்து, அந்த 10 நிமிடத்தை 6 ஆக்கினால் அதே அணைவிடத்திலிருந்து மணிக்கு 10 படகு புறப்படும். அளவுக்கு மிஞ்சி ஆளேற்றி வரிசையைக் குறைப்பதை மட்டும் ஒருபோதும் ஏற்க முடியாது.